உப்புக்காற்றில் ஓடி டிராக் தடத்தில் இழுக்க: சக்தி கூட்டிய காருக்கு டயர் தேர்வு

டிராக் (drag) பந்தயம் என்பது நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் பாய்ந்து ஓடும் 402 மீட்டர் பந்தயம். ஆனால் அதன் தலையெழுத்து முதல் 18 மீட்டரிலேயே, அதாவது 60 அடியிலேயே எழுதப்பட்டுவிடும். ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டில் 60 அடிக்குத் தனியாக ஒரு நேரம் இருக்கும். அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால், கடைசிக் கோட்டில் அது ஒன்றரை மடங்காக, சில கார்களில் இரண்டு மடங்காக வந்து சேரும். அந்த 60 அடியில் எஞ்சின் எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் பட்சம். தரையைப் பிடிப்பது டயர். ரீமேப், பெரிய டர்போ, இன்டர்கூலர் என்று லட்சக்கணக்கில் போட்டுவிட்டு கம்பெனி டயரோடு போய் நின்றால், போட்ட காசெல்லாம் புகையாகத்தான் போகும்.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இதோடு வேறொரு கணக்கும் உண்டு. முறையான பந்தயத் தடம் எதுவும் இங்கே பக்கத்தில் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 500 கி.மீ. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, மதுரை வழியாக 330 கி.மீ. சுமார். போய்ப் பத்து ஓட்டம் ஓடிவிட்டு அதே காரில்தான் வீடு திரும்ப வேண்டும். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் கார் உப்புக்காற்றிலும் மணலிலும் சீமைக் கருவேல முள்ளிலும்தான் கிடக்கிறது. ஆகவே இந்தக் கடற்கரையில் ரோட்டு டயரை முதலில் முடிவு செய்யுங்கள். டிராக் டயர் அதற்குப் பிறகு, தனி ரிம்மில், தனிச் செலவாக வரட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே டயர் தேடினால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது

ஆக்டேவியா ஆர்.எஸ்., வெர்டஸ், ஸ்லாவியா போன்றவை முன்சக்கரத்தால் இழுப்பவை. இவற்றின் சிக்கலை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஓட்டுநரோடு 1500 கிலோ உள்ள காரில் முன்னால் 60 சதவீதம், அதாவது 900 கிலோ இறங்கும். கார் பாய்ந்து கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது. ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்தோடு கிளம்பினால், இந்த அளவுக் காரில் ஏறத்தாழ 150 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போய்விடும். டயருக்கு அதிகமாகப் பிடி வேண்டிய அதே நொடியில் முன்சக்கரத்தின் மேல் 750 கிலோதான் மிச்சம். அதற்கு மேல் எத்தனை குதிரைசக்தி கூட்டினாலும் டயர் சுழலுமே தவிர கார் நகராது. இந்தக் கார்களில் நல்ல டயர் முன்னால்தான் போக வேண்டும்.

மஸ்டாங் மாதிரி பின்சக்கர வண்டியில் நிலைமை நேர் எதிர். கிளம்பும்போது எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே வந்து அமர்கிறது. நல்ல டயர் பின்னால் போட்டால் அது தன் வேலையை முழுதாகச் செய்யும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே தேய்மானம். சுற்றளவு வித்தியாசப்பட்டால் நடுவில் உள்ள கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகிக் கெடும். டயர் பட்டனின் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டங்களின்) ஆழத்தில் 2 மி.மீ. வித்தியாசம் வந்தாலே கவனிக்க வேண்டும்.

பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்கள்

225/45 ஆர்17 91 டபிள்யூ என்றால் 225 மி.மீ. அகலம், அதில் 45 சதவீதம் பக்கச்சுவர் உயரம், ரேடியல், 17 அங்குல ரிம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் வரை. வி 240, ஒய் 300. கம்பெனி கொடுத்த எடைக்குறிக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். 94 என்றால் 670 கிலோ. அகலம் கூடிய டயரில் இந்த எண் குறைவாக இருப்பதும் உண்டு, அதனால் அகலத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

டிராக் விஷயத்தில் முக்கியமானது டிரெட்வேர் எண், அதாவது ரப்பர் எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதற்கான குறி. 300ம் அதற்கு மேலும் என்றால் ரோட்டு டயர். நீண்ட நாள் உழைக்கும், மழையிலும் பிடிக்கும். மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இந்த 300ல் வருகிறது. 200 என்றால் ரோட்டிலும் ஓட்டலாம், தடத்திலும் கடிக்கும். யோகோஹாமா ஏ052 இந்த வகை. 100 வந்தால் ரப்பர் மிக மென்மை, டோயோ ஆர்888ஆர் மாதிரி. 00 என்று போட்டிருந்தால் அது டிராக் ரேடியல், டிராக் பந்தயத்துக்கென்றே செய்த டயர். இந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிக்கு நடுவே அவ்வளவாக நம்ப முடியாது. சந்தேகமிருந்தால் ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. ஷோர் ஏ அளவில் ரோட்டு டயர் 65 முதல் 70, 200 ரகம் 60 பக்கம், புது டிராக் ரேடியல் 50களில் காட்டும். பழைய டயரை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால், பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதை விட இந்த எண் அதிகம் சொல்லும்.

இதிலிருந்து நம் ஆலோசனை: வருஷத்துக்கு ஒரே ஒரு முறை போகிறவர் 200 ரகத்தை இழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் தனி ரிம்மில் ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் போதும். மூன்று நான்கு முறை போகிறவர், 300 குதிரைசக்திக்கு மேல் கூட்டியவர் மட்டும் டிராக் ரேடியலை நினைக்கலாம். அதை ரோட்டில் ஓட்டவே கூடாது. புது ரோட்டு டயரில் 8 மி.மீ. பள்ளம் இருக்கும், டிராக் ரேடியலில் ஏறத்தாழ பாதிதான். ஐப்பசி மழை கொட்டி ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அது தண்ணீரின் மேல் மிதக்கும். பாம்பன் பாலத்தில் இரும்பு இணைப்புத் தகடுகளின் மேல் மழையில் ஏறும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒட்டும் டயர், பின்னால் கல் மாதிரி டயர் என்றால் ஈரத்தில் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும்.

இந்தியாவில் வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. காருக்கான டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தர எண் ஐ.எஸ். 15633. 2020 ஜூனில் டயர் இறக்குமதியையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதனால் வெளிநாட்டு டிராக் ரேடியல் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு இல்லை. யாரோ கொண்டுவந்த ஜோடி என்று வந்தால் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். தகரக் கூரைக் கிடங்கில் இரண்டு மூன்று கோடை கிடந்த மென்ரப்பர், புதிது போலப் பளபளத்தாலும் உள்ளே இறுகியிருக்கும். ரோட்டு டயரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் பழசு என்றால் வேறு கேளுங்கள்.

அளவு மாற்றுவது

டிராக் தடத்தில் உயரமான பக்கச்சுவர் வேண்டும். கிளம்பும் அதிர்ச்சியைச் சுவர் மடிந்து வாங்கிக்கொண்டால்தான் ரப்பர் தரையை விட்டுப் போகாது. அதனால் ரிம்மை ஓர் அங்குலம் சின்னதாக்கி, மொத்த உயரத்தைப் பழைய அளவிலேயே வைக்கிறோம்.

225/40 ஆர்18க்குப் பக்கச்சுவர் 90 மி.மீ. இரண்டு பக்கமும் 180, ரிம் 457.2, ஆக 637.2 மி.மீ. உயரம். 17 அங்குலத்துக்கு வந்தால் 225/45 ஆர்17 திட்டமாக 634.3. ஒரு மயிரிழைதான் வித்தியாசம். 235/45 ஆர்17 போட்டால் 643.3, 255/40 ஆர்17 போட்டால் 635.8. 3 சதவீதத்துக்குள் இருந்தால் ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்.ஸும் தகராறு பண்ணாது. உயரம் குறைந்தால் கியர் குட்டையாகி கிளம்பும் இழுவை கூடும், ஆனால் கோட்டுக்கு முன்பே இன்னொரு கியர் மாற்ற வேண்டி வரலாம். அந்த ஒரு மாற்றம் பெற்றதைத் தின்றுவிடும்.

ரிம் அகலமும் பொருந்த வேண்டும். 225/45 ஆர்17க்கு 7 முதல் 8.5 அங்குலம், 255/40 ஆர்17க்கு 8.5 முதல் 10. அகல டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் நடுப்பகுதி உப்பி ஓரம் தரையைத் தொடாது. 255 வாங்கி 225இன் பிடியோடு ஓடுவீர்கள்.

ஆஃப்செட் என்பது சக்கரம் மாட்டும் ஹப்பில் பொருந்தும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு. அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். இப்போதுள்ளது 7.5 அங்குல ரிம், ஆஃப்செட் 51 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அகலம் 95 மி.மீ., அதோடு 51 கூட்டினால் உள்பக்கம் 146. கழித்தால் வெளிப்பக்கம் 44. புதிதாக 8 அங்குலம், ஆஃப்செட் 45 போட்டால் உள்ளே 147, வெளியே 57. ஷாக் அப்சார்பர் பக்கம் மாற்றமே இல்லை, ஃபெண்டர் பக்கம் 13 மி.மீ. தள்ளி வருகிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து உரசுகிறதா பாருங்கள். 17 அங்குல ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் நுழைகிறதா என்பதைக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே டயரை ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றிவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

போல்ட் விஷயத்தில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கம்பெனி ரிம்முக்கு வரும் போல்டின் கழுத்து உருண்டை. வெளியில் வாங்கும் ரிம்மில் பெரும்பாலும் கூம்பு வடிவக் குழி. உருண்டைக் கழுத்துப் போல்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் இறுகின மாதிரிதான் தெரியும். தொடுவதோ ஒரு மெல்லிய வளையம் மட்டுமே. பத்து ஓட்டத்தில் தளர்ந்துவிடும். ரிம்மோடு சேர்த்து அதற்குரிய போல்டையும் வாங்குங்கள். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும், இந்தக் கார்களுக்கு 57.1 மி.மீ. அலுமினிய வளையம் நல்லது. பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகும்.

உப்பும் முள்ளும்

ராமேஸ்வரம் தீவில் ஓடும் காரின் அலாய் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்து, பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் அலுமினியம் மாவு மாதிரி உதிரும். காற்று இந்த வழியாகத்தான் வாரத்துக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கசிகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தும் முள் எதுவும் கிடைக்காது. சோப்புத் தண்ணீரை ரிம்மும் டயரும் சேரும் கோட்டில் சுற்றி ஊற்றினால், நுரை சின்னச் சின்னதாகப் பொங்கும் இடம் தெரியும். டயரைக் கழற்றி, விளிம்பை மென்மையான கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று வெள்ளி தெரியும் வரை தேய்த்து, கசிவை அடைக்கும் பீட் சீலர் பசை தடவி, புது வால்வு போட்டு ஏற்ற வேண்டும். ஆழமாகச் சுரண்டக் கூடாது. 18 பி.எஸ்.ஐ.யில் நிற்கும் டிராக் டயரில் இந்தக் கசிவு இருந்தால், கிளம்பும் நொடியில் டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்க்கும். குரோம், பாலிஷ் செய்த ரிம் இந்த ஊருக்கு வேண்டாம்; பெயின்ட் அல்லது பவுடர் கோட் அடித்ததே நிற்கும். மாதம் ஒரு முறையாவது ரிம்மின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஹப் முகத்தில் துரு ஒட்டாமலிருக்க ஆன்டி சீஸ் லேசாகத் தடவலாம், போல்ட் மரையில் தடவக் கூடாது. மரையில் வழவழப்பு இருந்தால், முறுக்கை அளக்கும் டார்க் ரென்ச் சொல்லும் எண் பொய்யாகிவிடும்.

அடுத்தது முள். சீமைக் கருவேல முள் ஆணி மாதிரி உடனே காற்றை இறக்காது. குத்தியதும் ஒடிந்து, பட்டனுக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கும். ஓட ஓட, டயர் சூடேற ஏற, உள்ளே நகர்ந்துகொண்டே போகும். பந்தயத்துக்குப் புறப்படும் முந்தின நாள் நான்கு டயரையும் வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சந்தேகப் புள்ளியைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, கூர்மூக்குக் குறடால் பிடுங்கி, எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் ஓட்டை. கயிறு ஒட்டு ஊர் சுற்றப் போதும். 500 கி.மீ. நான்குவழிச் சாலைக்கு உள்பக்கமிருந்து போடும் காளான் ஒட்டுதான் சரி, அதுவும் பட்டன் நடுவில் 6 மி.மீ.க்குள் உள்ள ஓட்டைக்கு மட்டும். தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ குத்தினால் அந்த டயர் முடிந்தது. ஒட்டுப் போட்ட டயரைத் தடத்தில் ஓட்டாதீர்கள்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் பாய் விரித்த மாதிரி கிடக்கும். மென்ரப்பர் அந்த மணலை அள்ளிக்கொண்டே போகும், ஒவ்வொரு குறுமணியும் ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் உருளும் குண்டு. அரிச்சல்முனை நேர்ரோட்டைப் பார்த்ததும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். அங்கே குடும்பம் குடும்பமாக மனிதர்கள் நடக்கிறார்கள். பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஒரு வருஷம் வரை.

தடத்தில் காற்றழுத்தம்

டிராக் ஜோடி பின்சீட்டை மடக்கிப் போனால் ஏறிவிடும். கூடவே ஜாக்கி, டார்க் ரென்ச், 0 முதல் 30 வரை காட்டும் சின்ன அளவுக் கருவி, 12 வோல்ட் காற்று பம்ப், சாக்கட்டி. பெட்ரோல் பங்க் கருவி குறைந்த அழுத்தத்தில் நம்பத்தக்கதல்ல. போல்ட் முறுக்கு ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு 120 நியூட்டன் மீட்டர், பி.எம்.டபிள்யூ.வுக்கு 140. முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

அழுத்தம் ஏன் குறைக்கிறோம்? ஒரு சக்கரத்தில் 375 கிலோ இறங்குகிறது என்றால், 32 பி.எஸ்.ஐ.யில் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 167 சதுர செ.மீ., விரல்களோடு சேர்த்து ஒரு கையின் அளவு. 24க்கு இறக்கினால் கணக்குப்படி 222. ஆனால் கணக்கு அப்படியே நடக்காது. 40 சதவீதச் சுவர் உள்ள ரோட்டு டயரில் சுவரே எடையைத் தாங்குகிறது, அளவுக்கு மேல் இறக்கினால் ஓரங்கள் மட்டும் அழுந்தி நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். ஆகவே ரோட்டு டயரும் 200 ரகமும் 28ல் ஆரம்பித்து ஓட்டத்துக்கு ஓட்டம் 2 வீதம் இறக்குங்கள், 22க்குக் கீழே வேண்டாம். டிராக் ரேடியல் 20ல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக 16 வரை போகலாம். இழுக்காத சக்கரங்களில் 38 முதல் 40, டயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டாமல்.

நிற்க வேண்டிய இடத்தை எண் சொல்லாது, தடம் சொல்லும். பட்டனுக்குக் குறுக்கே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு இருபது முப்பது அடி நேராக உருட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. கிளம்பிய இடத்தில் விழும் கறுப்புத் தடத்தையும் நண்பரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கறுப்புக் கோடும் நடுவில் வெளிறலும் என்றால் 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 5.5 டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ. கூடும். காலை 26 டிகிரியில் 24 வைத்தது, 37 டிகிரி வெயிலில் சும்மா நின்றாலே 26 ஆகிவிடும். ஒரு பக்கம் வெயிலில், மறுபக்கம் நிழலில் நின்றால் இடது வலது வேறுபட்டு, கிளம்பும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். துணி போட்டு மூடி, வரிசையில் நிற்கும்போதுதான் கடைசியாகச் சரி பாருங்கள்.

கிளம்பும் கோட்டுக்கு முன்னால், டயரைச் சுழற்றிச் சூடாக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். பள்ளம் வெட்டிய டயரோடு அந்தத் தண்ணீர்க் குட்டைக்குள் போகாதீர்கள். சுற்றிக்கொண்டு போங்கள். பட்டன் பள்ளத்தில் ஏறும் தண்ணீர், கிளம்பும் கோட்டில் சொட்டி உங்கள் சக்கரத்தடியிலேயே விழும். ரோட்டு டயருக்கு இரண்டு நொடி சுழற்றித் தூசியை உதறினால் போதும், அதிகம் சூடாக்கினால் எண்ணெய் மேலே வந்து வழுக்கும். டிராக் ரேடியலுக்கு லேசாகப் புகை எழும்பியதும் விடுங்கள். முன்சக்கர வண்டியில் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் மெல்ல முன்னே உருட்டியபடி சுழற்றுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

டயர் பிடிக்க ஆரம்பித்ததும் பலவீனம் வேறிடத்துக்கு நகரும்: டிரைவ் ஷாஃப்ட் மூட்டு, கிளட்ச், எஞ்சின் மவுன்ட். முன்சக்கரம் தடதடவென்று குதித்தால் உடனே காலை எடுங்கள். அந்தக் குதிப்பில்தான் ஷாஃப்ட் ஒடிகிறது.

திரும்பும் முன்

கிளம்பும் அவசரத்தில் மறப்பது ஒன்றுதான், காற்று ஏற்றுவது. தடத்துக்கென்று 24ல் வைத்த டயரோடு, ஆளும் சாமானுமாக, மத்தியானத் தாரில் 100ல் போனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து உள்ளேயே வேகும். வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று வெடிக்கும். ரோட்டு டயரை மாட்டி, கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் முழுச் சுமைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதை அடித்து, இழுக்காத சக்கரங்களில் ஏற்றி வைத்ததையும் அதே அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

ஊர் வந்ததும் டிராக் ஜோடியைக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு காற்றைப் பாதிக்கு இறக்கி, கறுப்புப் பையில் இறுகக் கட்டி, வீட்டுக்குள் இருட்டான அறையில் படுக்க வையுங்கள். மோட்டார், இன்வெர்ட்டர் பக்கத்தில் வேண்டாம். அங்கே எழும் ஓசோன் ரப்பரில் விரிசல் விழ வைக்கும். பை மேல் தேதியையும், அதுவரை ஓடிய ஓட்டங்களின் எண்ணிக்கையையும், டியூரோமீட்டர் காட்டிய அளவையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அதே டயர் ஐந்தாறு புள்ளி இறுகியிருந்தால், இன்னொரு ஜோடிக்குச் சொல்லி வைக்கும் நேரம் வந்துவிட்டது.